மஞ்சள் விமானத்தின் பைலட்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வாத்தியார் பேசியது கொஞ்சம். அதில் நான் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டாலும் அது அவருடையதாக இருக்காது. துணி வெட்டும்போதே நான் அப்படித்தான். பத்தாமல் போய்விடுமோ என்று ஓரத்தில் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவேன். இங்கே அப்படி விடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

அவர் பெயர் இன்னாசி. சூலூருக்கு இந்தப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே தண்ணீர் வராத குளம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரிமோட் விமானம் விடுகிறவர்கள் கூடுவார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கட்டவும் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதனால் எல்லோருக்கும் வாத்தியார். என்னைவிட இளையவர். என்னை அக்கா என்பார்.

என் தையல் கடைக்கு அவர் முதலில் வந்தது ஒரு பொம்மைக்காக.

"ஒரு பைலட் தைக்கோணுங்க்கா. முழங்கை உயரம். உக்காந்த மாதிரி."

நிஜ விமானத்தைப் பார்த்து அதே சாயலில் பெரிதாகக் கட்டும் விமானங்களில் இருக்கை காலியாக இருக்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். ஆள் இல்லாமல் பறந்தால், எவ்வளவு அழகாகப் பறந்தாலும் குளத்தில் ஒருவரும் கை தட்ட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு பலருக்குத் தைத்தேன். நூல் வியாபாரம் செய்யும் பொன்னுச்சாமி அண்ணன் தன் முகத்தையே வைக்கச் சொன்னார். ஆனால் தலையில் முடியோடு. ஒரு பல் டாக்டர் தன் மனைவி முகத்தை வைக்கச் சொல்லி, இரண்டு நாள் கழித்து வந்து வேண்டாம் என்றார்.

ஒரு நாள் பொம்மையைக் கொடுக்கும்போது வாத்தியாரிடம் கேட்டேன்.

"நானும் ஒரு ப்ளேன் கட்டலாமுங்களா?"

"எதுக்குங்க?"

"சும்மாதானுங்க."

"சும்மான்னா பொம்மையே போதுமே."

அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

அவன் வெள்ளியங்கிரி. வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுவான். சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தான். மஞ்சள் நிறத்தில், மேலே மூடி இல்லாத சின்ன விமானம். இருபது வயதில், தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டான். பம்பாயில் விமானம் பழுது பார்க்கும் இடத்தில் வேலை என்று ஒரு பையோடு போனான். அதோடு சரி. சேதி இல்லை. அப்பா சாகும்வரை அவன் பெயரைச் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை வேறு பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவனுக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பேன். கொடுக்காமல் விட்டுவிடுவேன். கொடுத்துவிட்டால் நானே முடிவு செய்தது போல ஆகிவிடும் அல்லவா.

வாத்தியார் கேட்டுக்கொண்டார். மறுநாள் கடைக்கு வரச் சொன்னார்.

போனேன். பால்சா மரத்தில் சீவிய ஒரு பலகையை என் கையில் கொடுத்தார். கையளவு அகலம், கை நீளம். அட்டையைவிட லேசு.

"இதை அந்த வேப்பமரம் வரைக்கும் கொண்டுபோயிட்டு வாங்க."

அது காற்றுக் காலம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ரோட்டில் நடக்கிறவரைத் தள்ளும். பலகை பறந்துவிடும் என்று நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மரத்தைத் தொடுவதற்கு முன்பே டக்கென்று சத்தம் கேட்டது.

இரண்டு துண்டோடு திரும்பினேன்.

"காத்து உடைச்சுப்போட்டதுங்க."

"காத்துங்களா?"

அவர் இன்னொரு பலகையைக் கொடுத்தார்.

"போயிட்டு வாங்க."

அப்படித்தான் என் படிப்பு தொடங்கியது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தம்பி சுவரில் ஒட்டியிருந்த அதே விமானத்தின் வரைபடத்தை வாத்தியார் கொடுத்தார், பார்த்ததும் தலை சுற்றியது. பிறகு அது சட்டைக்கு அளவு போட்டு வெட்டுகிற காகிதம் மாதிரிதான் என்று தெரிந்தது. மரத்தில் வெட்டி, ஒட்டி, தேய்த்து எடுக்க வேண்டும். இறக்கையை விரித்தால் என் கடை வாசலில் நுழையாது. அவ்வளவு பெரிது.

இடது இறக்கையை முடித்தேன். வலது இறக்கையையும் முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் இடது. இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்ட ஜாக்கெட் மாதிரி. அழுகை வந்தது. வாத்தியாருக்குப் போன் செய்தேன். வந்து பார்த்தார்.

"எல்லாரும் ஒரு தடவை பண்ணுவாங்க. ஒரு வலது செய்யுங்க."

"இதை என்னங்க பண்றது?"

"எடுத்து வைங்க. அடுத்த ப்ளேனுக்கு ஆகும்."

"அடுத்ததா? இதையே முடிப்பனான்னு தெரியலீங்க."

"இடது இறக்கைக்குத் தெரியுதே."

அடிக்கடி அவருக்குப் போன் செய்வேன். ஒட்டினால் பயம். ஒட்டாவிட்டால் பயம்.

"பசை காஞ்சிருச்சான்னு எப்படீங்க தெரியும்?"

"தொட்டுத் தொட்டுப் பாக்காம இருந்தீங்கன்னா காயும்."

உடம்புப் பாகத்தை முடிக்க ஒரு மழைக்காலம் போனது. முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அவர் இரண்டு கையாலும் தூக்கினார். மறுபடி மேசையில் வைத்தார்.

"என்னங்க இந்தக் கனம்?"

"உள்ளே பிளைவுட் வெச்சு ஒட்டினேன். மூலைக்கு மூலை கட்டை கொடுத்தேன். உக்கார்ற இடத்தைச் சுத்தி ரெண்டு அடுக்கு. விழுந்தா உடையக் கூடாதில்லீங்களா."

"உடையாதுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"விழவே விழாது," என்றார் வாத்தியார். "விழோணும்னா மொதல்ல மேல போகோணும்."

நான் விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன்.

"எதையெல்லாம் எடுக்கறதுங்க?"

"பயந்து வெச்சதை."

"எது பயந்து வெச்சதுன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

"வரைபடத்தைப் பாருங்க. அதுல இருக்காது."

எடுத்தேன். உளியும் பிளேடும் வைத்து, மூலை மூலையாக. ஒரு முறம் நிறைய வந்தது. ஒவ்வொரு கட்டையை எடுக்கும்போதும் இது இல்லாமல் நிற்குமா என்று நினைப்பேன். நின்றது.

மேலே மஞ்சள் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டும் வேலை மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதை இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழுத்து ஒட்ட வேண்டும். வாத்தியார் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டு டம்ளர் டீ கொடுத்தேன்.

பைலட்டைக் கடைசியில்தான் தைத்தேன்.

உடம்பு சுலபம். காக்கிக் கோட்டு, தோல் தொப்பி, கண்ணாடி. முகத்தைத்தான் ஒரு வாரம் தைத்தேன். கொஞ்சம் குறும்பு, கொஞ்சம் கோபம். வீட்டை விட்டுப் போன அன்றைக்கு இருந்தபடியே அவன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் வாத்தியாரிடம் காட்டினேன்.

காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. யாரு, உங்க பையனுங்களா?"

நான் பொம்மையைத் திரும்பச் சுற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து முகத்தைப் பிரித்தேன்.

மறுபடி தைத்தேன். கன்னத்தைக் கொஞ்சம் இறக்கினேன். காதோரம் வெள்ளை நூல் கொடுத்தேன். அப்பாவுக்கு நெற்றியில் விழுந்த கோடு இவனுக்கும் விழுந்திருக்கும் என்று ஒரு கோடு போட்டேன். அவனை அந்த வயதில் நான் பார்த்ததில்லை. ஊசி போன வழியில் போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால் பஸ்ஸில் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ போல இருந்தான். அவனைத் தாண்டி எத்தனை தடவை போயிருப்பேனோ.

வாத்தியாரிடம் கேட்டேன்.

"மேல போயிட்டா மூஞ்சி தெரியுங்களா?"

"தெரியாதுங்க. ஆள் இருக்கறதே தெரியாது."

"அப்புறம் எதுக்குங்க எல்லாரும் மூஞ்சி கேக்கறாங்க?"

"இறங்கினதுக்கு அப்புறம் பாக்கறதுக்கு."

மறுபடி கேட்டேன்.

"இறங்காமப் போச்சுன்னா?"

அவர் காயிலைச் சுற்ற ஆரம்பித்தார்.

பறக்க விடும் நாள் வந்தது. குளத்தில் பொன்னுச்சாமி அண்ணனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். கருவேல மரங்களை வெட்டி, தரையை இழுத்துச் சமன் செய்து, ஓடுபாதை மாதிரி வைத்திருப்பார்கள். இறக்கையைப் பூட்டினோம். தம்பியை இருக்கையில் வைத்தேன். அடியில் வெல்க்ரோ இருந்தது, அழுத்தினால் பிடித்துக்கொள்ளும்.

முதல் தடவை வாத்தியார்தான் ஓட்டுவார். கட்டியவர் வாலைப் பிடித்துக்கொண்டு மண்டி போட வேண்டும். இவ்வளவு பெரிய விமானத்துக்குப் பெட்ரோல் இன்ஜின். அதை முழு வேகத்தில் முறுக்கிப் பார்க்கும்போது யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் ஓடிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் வாத்தியார் தலையை அசைப்பார். கையை எடுத்துவிட வேண்டும்.

இன்ஜின் கத்தியது. புழுதி என் முகத்தில் அடித்தது. தம்பியின் முதுகும் தொப்பியும் என் கண்ணுக்கு நேரே நடுங்கிக்கொண்டிருந்தன. முதுகைத்தான் கடைசியாகப் பார்த்தேன், அவன் போன அன்றைக்கும்.

வாத்தியார் தலையை அசைத்தார்.

நான் விடவில்லை.

மறுபடி அசைத்தார். நான் விடவில்லை. அவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"அம்மணி," என்றார் பொன்னுச்சாமி அண்ணன். "அதென்ன கன்னுக்குட்டியா, வாலைப் பிடிச்சுட்டு நிக்கறே? விட்டாத்தான போகும்."

"போகும்னுதானுங்கண்ணா விடலை."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். தம்பி கதை அவருக்கும் தெரியும்.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் மேலே போவதைப் பார்க்க வேண்டும். அவன் மறுபடி போய்விடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

வாத்தியார் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பைலட்டை எடுத்துடறனுங்க," என்றேன். "வெறும் ப்ளேன்னா விட்டுருவேன்."

"எடுங்க."

"யாரும் கை தட்ட மாட்டாங்க."

"அது பரவால்லீங்க."

எடுத்தேன். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் பொன்னுச்சாமி அண்ணனும் இறக்கைக்கு அடியில் ஆளுக்கு ஒரு விரலை வைத்து விமானத்தைத் தூக்கினார்கள். முன்பு பொம்மையோடு சேர்த்துக் கடைக்கு வெளியே அப்படித் தூக்கியபோது அது தராசு மாதிரி நின்றது. இப்போது மூக்கு கீழே போயிற்று.

"ஆளோட சேத்தித்தான நிலை பாத்தோம்," என்றார் வாத்தியார். "இப்ப தலை குத்துது."

"அவன் கனத்துக்கு வேற எதையாச்சும் வெச்சரலாமுங்களா?"

"வெக்கலாம்."

பிளாஸ்டிக் கவரில் குளத்து மண்ணை அள்ளினேன். ஒரு கையில் பொம்மை, ஒரு கையில் மண். கூட்டிக் குறைத்து ஒன்றாக்கினேன். முடிச்சுப் போட்டு இருக்கையில் வைத்து டேப் ஒட்டினேன். மறுபடி தூக்கினார்கள். நேராக நின்றது.

"போலாமுங்களா?" என்றார் வாத்தியார்.

"போலாமுங்க."

பொம்மையை, விமானத்தை ஏற்றி வந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்து வாலைப் பிடித்தேன். இப்போது விட்டுவிடுவேன் என்று தெரிந்தது. இருக்கையில் மண் பொட்டலம் பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாத்தியார் ஸ்டார்ட் செய்யக் குனிந்தார்.

"இருங்க," என்றேன்.

நிமிர்ந்தார்.

"இந்த மண்ணு மேல போயிட்டுத் திரும்பி வந்துட்டா, நான் அதை வெச்சுட்டு என்னங்க பண்றது?"

அவர் ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, எனக்கு நேரம் கொடுப்பவர்போல அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

நான் போய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன். வண்டியிலிருந்து தம்பியை எடுத்துவந்து இருக்கையில் வைத்து அழுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். மண்டி போட்டேன்.

"எப்ப விடோணும்னு எப்படீங்க தெரியும்? நீங்க தலை ஆட்டறதைப் பாத்தாலும் கை விட மாட்டீங்குதுங்க."

"இழுக்கும்."

"இழுக்கறப்பவும் பிடிச்சுட்டே இருந்தன்னா?"

"வால் மட்டும் உங்க கையில இருக்கும்."

இன்ஜின் கத்தியது. புழுதி அடித்தது. இழுத்தது. முதலில் விரலை, பிறகு தோளை, பிறகு என்னையே இழுத்தது.

விட்டேன்.

குளத்தில் குதித்துக் குதித்து ஓடியது. பிறகு குதிப்பது நின்றுவிட்டது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நான் மண்டி போட்டபடியே இருந்தேன். கையில் ஒன்றும் இல்லை. தென்னை மரங்களைத் தாண்டியது. வாத்தியார் சொன்னது சரிதான். முகம் தெரியவில்லை. ஆள் இருப்பதே தெரியவில்லை. மஞ்சளாக ஒன்று வானத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

எழுந்து போய் வாத்தியார் பக்கத்தில் நின்றேன். அவர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விமானம் தூரத்தில் சாய்ந்து திரும்பி, வெகு உயரத்தில் எங்களை நோக்கி வந்தது. சத்தம் நெருங்கியது. என் தலைக்கு நேர் மேலே வந்தது.

நான் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

முந்தானை நுனி அவர் தோளில் பட்டிருக்க வேண்டும்.

"வெயிலுங்களா?" என்றார்.

"இல்லீங்க. தம்பி வீட்டை விட்டுப் போறப்ப நான் அழுதேன். அழுகாதே, ஒரு நாளைக்கு உன் தலைக்கு மேல பறப்பேன், அங்கிருந்து எச்சில் துப்புவேன், பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனானுங்க."

அவர் சிரிக்கவில்லை. விரல்கள் மெல்ல அசைந்தன. அங்கே மேலே மஞ்சள் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது.

"நல்லா மூடிக்குங்க்கா," என்றார். "இன்னொரு சுத்து வருது."